உள்ளே ஒரு டிஸ்க்குக்கு இடம்

இல்லண்ணே, நீங்க சொல்றது புரியாம இல்ல. சீல் கிழிஞ்சா வாரண்டி போயிரும். நான் மாடியேறி வந்ததுல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கீங்க. நான் கேக்குறது வேற. காசு குடுத்தது எங்கப்பா, பொருளு எங்களுது, அதோட மூடிய நாங்க கழட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு கம்பெனிக்காரன் யாரு? நாளைக்கு குக்கர் விக்கிறவனும் இதே மாதிரி ஒரு ஸ்டிக்கர ஒட்டி அனுப்புவான், திறந்தா நாங்க பொறுப்பில்லைன்னு. நாம சோத்த வெளியில இருந்தே மோந்து பாத்துக்க வேண்டியதுதான்.

சிரிச்சு மழுப்பாதீங்கண்ணே. நான் என்ன பெருசா கேட்டுட்டேன். இந்தா, இது என் பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுன ஹார்டு டிஸ்க்கு. இதை இந்தப் புது மிஷினுக்குள்ள ரெண்டாவது டிஸ்க்கா மாட்டி மூடிருங்க. உள்ள இடம் இருக்கு. கேபிள்ல ஒரு முனை சும்மாத்தான் தொங்கிக்கிட்டிருக்கும். ஜம்பரக் கூட நானே வீட்டுல மாத்தி வச்சுக் கொண்டாந்துட்டேன், இது ரெண்டாவதுன்னு மிஷினுக்குத் தெரியிற மாதிரி. ஓனரு சாப்பிடப் போயிருக்காரு. எங்கப்பா லோடு ஆட்டோ பேசப் போயிருக்காரு. ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்.

ஸ்டிக்கரா? ஹேர் டிரையர் வச்சுச் சூடு காட்டுனா கிழியாம உரிஞ்சு வரும், திருப்பி ஒட்டிரலாம். என்னய முறைக்காதீங்க, இதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். மறந்துட்டீங்களா? கஸ்பார் கடைன்னு பஸ் ஸ்டாண்டு சந்துல இந்தக் கடையோட கக்கூசு அளவுக்கு ஒரு எடம் வச்சிருந்தீங்களே, அப்ப. கம்பெனி மிஷினெல்லாம் ஸ்க்ரூ டிரைவரப் பாத்தா காய்ச்சல் வர்றவங்களுக்கும்மா, நீ அசெம்பிள் பண்ணு, ஒவ்வொண்ணா வாங்கு, கழட்டு, மாட்டு, கெட்டாத்தான் தெரியும்னு எம்புட்டுப் பேசுனீங்க. இன்னைக்கு டையக் கட்டிக்கிட்டு, மேடம் இதுல யூசர் சர்வீசபிள் பார்ட்ஸ் எதுவும் கிடையாது, நீங்களாத் தொடக் கூடாதுங்குறீங்க. மேடமாம்.

சரி, சரி. கடைய மூடுனது உங்க தப்பில்ல. எல்லாரும் தவணைக்குக் குடுக்குற எடமாப் பாத்துப் போயிட்டாங்க, உங்களுக்கும் ரெண்டு புள்ளைக. நான் குத்திக் காட்டல. இல்ல, குத்தித்தான் காட்டுனேன், மனசுல வச்சுக்காதீங்க. நான் இப்ப எல்லார்கிட்டயும் இப்பிடித்தான் பேசிக்கிட்டிருக்கேன்.

ஆனா நியாயத்தச் சொல்லுங்க. எங்கள மாதிரி வீட்டுக்கு அசெம்பிள்தானே சரி? எங்கப்பாவத் தெரியும்ல உங்களுக்கு, சோலைமுத்து, கன்னிவாடி பக்கத்துல பூத்தோட்டம். பூ விக்கிறவங்க கையில காசு மாசச் சம்பளமா வராது. வர்றப்ப வரும், இல்லாதப்ப துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். ரெடிமேடு வாங்கணும்னா மொத்தமா எண்ணி வைக்கணும், இல்ல மாசாமாசம் கட்டுறேன்னு கையெழுத்துப் போடணும். செடி கையெழுத்துக்குப் பூக்குமா? நான் யுனிவர்சிட்டில எம்.சி.ஏ. சேந்த வருசம் மார்கழிப் பனியில மல்லி வரத்து குறைஞ்சு, தையில விலை எகிறுனுச்சே, அப்பத்தான் உங்க கடையில மதர்போர்டும் ப்ராசசரும் வாங்குனோம். அத நான் பீரோவுக்குள்ள பட்டுச் சேலைக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். அப்புறம் சம்மங்கில ஒரு நல்ல வாரம் வந்துச்சு, கேபினட்டு. வைகாசி முகூர்த்தத்துக்கு மெமரி ராமும் இந்த டிஸ்க்கும். மானிட்டர் மட்டும் கெடைக்காம, மதுரையில போயி பழசா ஒண்ணு வாங்கி, அப்பா பூக்கூடைக்குள்ள சாக்கு விரிச்சு வச்சு டவுன் பஸ்ஸுல கொண்டாந்தாரு. கண்டக்டர் கூடைக்கு லக்கேஜ் போட்டுட்டு, என்ன மாமா, பூ இம்புட்டுக் கனமா பூத்திருக்குன்னு கேட்டாராம். அப்பா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சுக்கிட்டிருந்தாரு.

மாட்டி மொத மொத சுவிட்சப் போடுறப்ப எங்கம்மா தள்ளிப்போயி நின்னுக்கிட்டாங்க, வெடிச்சிருமோன்னு. வெடிக்கல. வோல்டேஜ் ஏறி ஒரு தடவ பவர் சப்ளை போச்சு, வாஸ்தவந்தான். உங்ககிட்ட வந்து அதை மட்டும் வாங்கிட்டுப் போயி நானே மாட்டுனேன், மத்தியானத்துக்குள்ள ஓடிருச்சு. இதே கம்பெனி மிஷினா இருந்தா? மதுரையில இருந்து இன்ஜினியர் வரணும், எங்க ஊருக்கு வர்ற பஸ்ஸ அவரு கண்டுபிடிக்கணும், வந்து பாத்துட்டு, போர்டு போச்சு மேடம், எழுதிப் போட்டிருக்கோம்னு காப்பியக் குடிச்சுட்டுப் போவாரு.

அப்புறம் ஏன் கம்பெனி மிஷினு வாங்க வந்திருக்கேன்னா கேக்குறீங்க? நானா வாங்குறேன். இது எங்க வீட்டுக்கில்லண்ணே. பழனிக்குப் போகுது. அடிவாரத்துல ஒரு லாட்ஜு, ஆனந்த்ராஜுன்னு ஒருத்தரு நடத்துறாரு, அவரு ரிசப்ஷன்ல வைக்க. விக்கலண்ணே, குடுக்குறோம். சும்மாத்தான். அவுங்க கேக்கல, நாங்களாக் குடுக்குறோம். கேக்காமயே குடுக்க வைக்கிறதுக்கு அவுங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கு. உங்க இஷ்டம்ங்க. அவ்வளவுதான். அந்த ஒத்த வார்த்தைக்கு எங்கப்பா தோட்டத்துல பாதியக் குத்தகைக்கு விட்டுட்டாரு. இனி ரெண்டு வருசத்துக்கு அந்தப் பூவ வேற ஆளு பறிப்பாரு.

இருங்க, வரிசையாச் சொல்றேன். மொதல்ல என் பழைய மிஷினத்தான் குடுக்குறதாப் பேச்சு. நானும் சரின்னுட்டேன். ஆமா, நான்தான் சரின்னேன், முழு மனசாத்தான். அதைப் பாக்க ஆனந்த்ராஜ் வந்தாரு, கூட அவுங்க பெரியம்மா புவனேஸ்வரின்னு ஒருத்தங்க. நல்லாப் பேசுற ஆளுதான், பேச்சுக்குப் பேச்சு ஏனுங்க, சொல்லுங்க. மிஷினச் சுத்திச் சுத்தி வந்தாரு. பின்னாடி போயிப் பாத்தாரு. இது என்ன கம்பெனிங்கன்னாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனா கேக்குறாரே, தெரிஞ்சுக்கட்டுமேன்னு சைடு மூடியக் கழட்டிக் காட்டுனேன். இந்த போர்டு ஒரு கம்பெனிங்க, டிஸ்க்கு வேற கம்பெனிங்க, ராமு இன்னொரு கம்பெனி, நல்லதா ஒவ்வொண்ணாப் பாத்து வாங்குனதுன்னு. அவரு குனிஞ்சு பாத்துட்டு, அட, நம்ம லாட்ஜு மாதிரியே இருக்குதுங்களே, ரூமுக்கு ஒரு ஊர்க்காரன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல பேச்சுதான், எனக்கே சிரிப்பு வந்துச்சு.

அதோட விட்டிருக்கணும்ல. நான் விடல. ஆமாங்க, ஆனா இங்க யாரும் யாரோடயும் சண்டை போடுறதில்லைங்க, ராத்திரி குடிச்சுட்டு வந்து கதவத் தட்டுறதும் இல்லைங்கன்னுட்டேன்.

நீங்க சிரிக்கிறீங்க. அங்க ஒருத்தரும் சிரிக்கல. எங்கம்மா என் இடுப்புல கிள்ளுன கிள்ளு இன்னும் கன்னிப்போயி கெடக்கு. அந்தப் பெரியம்மா மட்டும், பாப்பாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திங்களான்னு எங்கப்பாகிட்ட விசாரிச்சாங்க, காப்பிக்குச் சீனி ஜாஸ்தியான்னு கேக்குற மாதிரி. ரெண்டு நாள் கழிச்சு போன் வருது. மிஷினு நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா ஒட்டுப்போட்டதுங்களே, நாலு பேரு பாக்குறப்ப பெட்டியில ஒரு பேரு இருந்தா நல்லாருக்கும், உங்க இஷ்டம்ங்க. பெட்டியாம்ணே. மிஷினுகூட இல்ல, அதோட அட்டைப்பெட்டி. உள்ள செங்கல்ல வச்சு ஒட்டிக் குடுத்தாக்கூட நாலு பேருக்குத் தெரியவா போகுது?

எங்கப்பாகிட்ட நான் ஒரு ராவு பூரா வாதாடிப் பாத்தேன். இதே ப்ராசசர்தாம்ப்பா அதுக்குள்ளயும் இருக்கு, இதுல பாதி ராமுதாம்ப்பா அதுல இருக்கு, காசு கூட, பொருளு கம்மின்னு தாள்ல போட்டுக் காட்டுனேன். எல்லாத்தையும் கேட்டாரு. நீ சொல்றதெல்லாம் சரிதாம்மான்னாரு. சொல்லிட்டு, கம்பெனியே வாங்கிருவோம்மான்னாரு. கூடையில மானிட்டரத் தூக்கியாந்த மனுசன். அவருகிட்ட மேக்கொண்டு என்னத்த வாதாடுறது? தப்புன்னு சொன்னாத்தானே சண்டை போடலாம்.

வீட்டுல எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்க, நீ வாயத் திறக்காம இருந்திருந்தா பழசே போதும்னு வாங்கியிருப்பாங்கன்னு. ஏன், கம்பெனி என்னன்னு கேட்டதுக்கு உள்ளதச் சொன்னது தப்பா? நீங்களே சொல்லுங்க. டைய நீவி விட்டுக்கிறீங்க. சரி.

பழைய மிஷினு எங்கன்னா, இந்தா உங்க கடைக்குக் கீழதான் கெடக்கு, எக்ஸ்சேஞ்சுல உங்க ஓனரு எடுத்துக்கிட்டாரு. டிஸ்க்கு இல்லாமத்தான் பேசுனோம், களவாணித்தனம் எதுவும் இல்ல. பிரிச்சுப் பிரிச்சு வித்துருவீங்க, அது தெரியும். பரவால்ல, வந்த வழியிலயே போகட்டும்.

இதுல என்ன இருக்கா? என் ப்ராஜெக்ட்டு. பாட்டுப் படம் எதுவும் இல்லண்ணே, பயப்படாதீங்க. பூ மார்க்கெட்டுல அஞ்சு வருசமா தினமும் வித்த விலையச் சேத்து ஏத்தியிருக்கேன். அதை வச்சு அடுத்த வாரம் விலை ஏறுமா இறங்குமான்னு சொல்லணும். சம்மங்கிக்குச் சரியாச் சொல்லிருது. மல்லிக்கு இன்னும் தப்புத் தப்பாத்தான் சொல்லுது, எங்கயோ ஒரு கணக்கு இடிக்குது. சித்திரை கடைசிக்குள்ள குடுத்தாப் போதும்னு சத்யபிரியா மேடம் சொல்லியிருக்காங்க, எங்க கைடு. நேர்ல வர முடியலைன்னா தபால்லயாவது அனுப்பு, நான் பாத்துக்கிறேன்னாங்க. இது ஒண்ணு குடுத்துட்டா டிகிரி வந்துரும். இன்னும் ரெண்டு மாசம், தினம் ஒரு மணி நேரம் கெடைச்சாக்கூட முடிச்சுருவேன்.

சீடியிலயா? அதை யோசிக்காமயா இருப்பேன். சீடின்னா அதை எங்கயாச்சும் வைக்கணும். வச்சா யாராச்சும் எடுத்து, இது என்னதுங்கன்னு கேப்பாங்க. டிரே வெளிய வந்தாலே எட்டிப் பாக்குற ஆளுக. உள்ளயே இருந்துட்டா எதையும் ஒளிக்க வேணாம். டிரைவ் ஒண்ணு கூட இருக்குன்னு அங்க யாருக்குத் தெரியப்போகுது? ஆன் பண்ணவே அங்க ஒருத்தருக்கும் தெரியாது.

காலேஜ் லேப்பா? முடியாதுண்ணே. ஃப்ரெண்டு வீடா? அதுவும் முடியாது. உங்க வீட்டுக்கு வந்து பண்ணவா? சொல்றது எளுசு. போக்குவரத்து இருந்தா நான் ஏன் உங்க டையப் புடிச்சுத் தொங்குறேன்.

அதையேதான் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க. பழனி லாட்ஜுக்குப் போற மிஷினுக்குள்ள உன் டிஸ்க்கு கெடந்து உனக்கென்ன பிரயோசனம்னு. நானும் அங்கதாண்ணே போறேன். அந்த ஆனந்த்ராஜோட தம்பி, பிரபுன்னு பேரு, அவுகளுக்குத்தான் என்னயப் பேசி முடிச்சிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். படிப்பப் பத்தி அப்பா கேட்டாரு. படிச்ச வரைக்கும் போதும்ங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள, ரிசப்ஷன்ல உக்காந்து பில்லு போட்டா வெளியாளு வேணாம்ங்களேன்னாங்க. மிஷினு வியாழக்கிழமையே மண்டபத்துக்குப் போயிரும், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல வைக்க. அங்கருந்து எல்லாம் ஒரே வண்டிதான்.

என்னண்ணே. ஸ்க்ரூ டிரைவர இப்ப ஏன் எடுக்குறீங்க. இம்புட்டு நேரம் நான் பேசுன நியாயத்துக்கு எடுக்கல, இதுக்கு எடுக்குறீங்க. மொகத்த அப்பிடி வச்சுக்கிட்டுக் கழட்டாதீங்க. வேணாம், வைங்க. வைங்கண்ணே, அப்பா படியேறி வாராரு. அந்த டிஸ்க்க இங்க குடுங்க, பையில போட்டுக்கிறேன்.

ஒண்ணுமில்லப்பா. வாரண்டி எத்தன வருசம்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.