கஃபன் ஒத்திகை

— இன்னும் கொஞ்சம் அழுத்துடா ரிஃபாயி. இப்படிப் பூ வெச்ச மாதிரி வெச்சா, பந்தல்ல கடைசியில நிக்கிறவனுக்குக் கத்தி தெரியுமா?

— இடது கை, ஹாஜி. பழக்கம் இல்ல. அழுத்தினா எங்க போய் நிக்கும்னு எனக்கே தெரியாது.

— அதான்டா அழகு. ஒத்தக் கைக்காரன் இந்த ஷவாதிஃபி ஹாஜியோட கழுத்துல கத்தி வெக்கிறான். அப்புறம் மன்னிச்சு எடுக்கிறான். மினியா ஜில்லாவே அழணும். வீடியோக்காரன் வலது பக்கம் நிப்பான். அதனால அந்தக் காலிச் சட்டைக் கையை நல்லாத் தொங்க விடு.

— உள்ள ஒண்ணும் இல்லையே ஹாஜி. அது தானாத் தொங்கும்.

— இந்தாங்க பெரியவரே, டீ.

— வை நகாத். ரிஃபாயி, கத்தியை ஓரமா வை, உன் பொண்டாட்டி டீ கொண்டாந்திருக்கா. எதுக்கும்மா இந்தச் சிரமம்?

— அறுக்கிறதுக்கு முன்னால ஆட்டுக்குத் தண்ணி காட்டுவோம்ல. அது மாதிரி.

— இவ நாக்கு இருக்கே ரிஃபாயி, இதை என் ரம்பத்துல மாட்டினா மலை பாளம் பாளமா வரும்.

— அந்த ரம்பத்துல எங்க வீட்டு உருப்படி ஒண்ணு ஏற்கனவே மாட்டியாச்சு பெரியவரே.

— சரி சரி, நல்ல நாள்ல அதை எதுக்கு இழுக்கிற? இந்தக் கஃபன் துணியைப் பாருங்க. மக்காவுல வாங்கி, ஜம்ஜம் தண்ணியில நனைச்சு, அங்கயே காய வெச்சுக் கொண்டாந்தது. நான் மவுத்தானா என் பொணத்து மேல போத்துறதுக்குன்னு பெட்டியில வெச்சிருந்தேன். அதையே ரெண்டு கையிலயும் ஏந்திட்டு வந்திருக்கேன். எவன் பண்ணுவான்? அதுவும் வெறுங்காலோட.

— காருலேர்ந்து இறங்கினதுலேர்ந்து வெறுங்காலு.

— கார் நிறுத்த வாசல்ல தான் இடம் இருந்துச்சு. அது என் தப்பா?

— ஒரு சந்தேகம் ஹாஜி. போன கைக்கு ஒரு ஆடு அறுத்துச் சோறு போட்டாப் போதும்னு ஊர்ப் பெரியவங்க சொன்னாங்களே. கொன்னவன் தன் கஃபனை ஏந்தி வந்து, கழுத்தை நீட்டி மன்னிப்புக் கேக்கிறது கொலை வழக்குக்குத் தானே?

— ஆடு அறுத்தா எவன்டா வீடியோ எடுப்பான்? போன தேர்தல்ல அந்தச் சிமெண்டுக்காரனோட அக்கா மகன் ஒருத்தனைச் சுட்டுட்டான். உடனே சிமெண்டுக்காரன் கஃபனை ஏந்திட்டு ஊர் நடுவுல நடந்தான். ஜனங்க குலுங்கிக் குலுங்கி அழுதுட்டு, போய் ஓட்டுப் போட்டுட்டாங்க. இந்தத் தேர்தல்ல நான் மட்டும் ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?

— அவனுக்கு ஒரு பொணம் கிடைச்சுது. உங்களுக்குக் கிடைச்சது ஒரு கை தான்.

— இருக்கிறதை வெச்சுத் தானேடா காரியம் பாக்கணும். உன் கைக்கு நான் என்ன குறை வெச்சேன் சொல்லு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வாங்கிட்டு வந்து, துணி சுத்தி, குழி வெட்டி அடக்கம் பண்ணினேன். ஒரு கைக்கு இவ்வளவு மரியாதை எந்த முதலாளி பண்ணுவான்?

— நல்ல மனசு தான். அன்னிக்குக் குழி வெட்டுற ஆளுங்க எல்லாம் தயாராக் கையில இருந்தாங்க போல.

— என்னம்மா சொல்ற?

— ஒண்ணும் இல்ல பெரியவரே. டீ ஆறுது.

— ஆமா, உங்க ஆளுங்க எங்க? பந்தல்ல முன் வரிசை காலியாக் கிடக்கு. நகாத், உன் மாமன்மாருங்க ஒருத்தனையும் காணோம். வீடியோவுல வெறும் நாற்காலி தெரியும்.

— மலைக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க.

— மலைக்கா? குவாரிக்கு இன்னிக்கு லீவு விட்டிருக்கேனே.

— அதனால தான் போயிருக்காங்க.

— ஆடு வாங்கப் போயிருப்பாங்க. நல்லது, கொழுத்ததா ஓட்டிட்டு வரட்டும். ரிஃபாயி, கத்தியை மறுபடி வை. வசனத்தோட ஒரு தடவை பாத்துடுவோம். நான் இப்படி நிப்பேன். 'ரிஃபாயி, என் உயிர் உன் கையில'ம்பேன்.

— எந்தக் கையில?

— விளையாடாத. நீ கத்தியை வெச்சுட்டு, 'மன்னிச்சேன், வழக்கையும் வாபஸ் வாங்கினேன்'னு சொல்லணும். வழக்குங்கிற எடத்துல குரலைத் தூக்கு. தொழிலாளர் ஆபீஸ் டைரக்டருக்குச் சோபா போட்டு உக்கார வெச்சிருக்கேன். மனுஷனுக்குக் காது மந்தம்.

— அது வாஸ்தவம். நான் மனு குடுத்தப்பவும் அவருக்குக் கேக்கல.

— அதை விடு. சொல்லு, 'வழக்கை வாபஸ்...'

— யாரு மேல போட்ட வழக்கு ஹாஜி? கோர்ட்டுல உங்க வக்கீல் தான் சொல்லிட்டாரே. ரிஃபாயின்னு ஒரு ஆளையே ஷவாதிஃபி ஹாஜிக்குத் தெரியாது, எவனோ வழிப்போக்கன், ரம்பத்தை வேடிக்கை பாக்க வந்து கையைக் குடுத்துட்டான்னு.

— அது கோர்ட்டு பாஷைடா. அங்க அப்படித் தான் பேசணும்.

— முன்ன பின்ன தெரியாதவன் வீட்டுக்கு யாராச்சும் கஃபன் தூக்கிட்டு வருவாங்களா?

— ஊர் வழக்கம் வேற, கோர்ட்டு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாத.

— வேலையில கை போனவனுக்குச் சட்டப்படி பென்ஷன் உண்டுன்னு என் வக்கீல் அம்மா சொல்றாங்க. ஆனா நான் உங்ககிட்ட வேலை பாத்தேன்னு சாட்சி சொல்ல ஒரு வாய் வேணுமாம். கூலி கையில குடுத்தீங்க, காகிதத்துல குடுக்கல. தலைக்கவசம் கூட போட்டோவுக்கு மாட்டி விட்டு, போட்டோ எடுத்ததும் திருப்பி வாங்கிட்டீங்க. அந்த ஒரு வாய்க்காகத் தான் நான் தொழிலாளர் ஆபீஸுக்குப் போனேன். வாசல்லயே உங்க ஆளுங்க மடக்கி என் விலா எலும்பை உடைச்சாங்க.

— அது நான் சொல்லி நடந்ததில்ல.

— ஒவ்வொரு உதைக்கும் 'ஹாஜி சலாம் சொல்லச் சொன்னார்'னு சொல்லித் தான் உதைச்சாங்க.

— அதிகப் பிரசங்கிங்க.

— ஒரு வாய் இருந்துச்சு பெரியவரே. என் தம்பி ஷாபான். இவரு பக்கத்துல நின்னு, ரம்பம் ஓடுற தண்டவாளத்தை நகத்துனவன்.

— மறுபடியுமா நகாத்? உன் தம்பி லிபியாவுக்குப் போயிட்டான். இவன் கை போன அன்னிக்கு அவன் வேலைக்கே வரல. முந்தின நாளே கூலியை வாங்கிட்டு எல்லை தாண்டிட்டான். எத்தனை தரம் சொல்றது?

— போனவன் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணல.

— அங்க டவர் கிடையாதும்மா. வெறும் பாலைவனம்.

— சரி ஹாஜி. என் கையை மன்னிச்சுடறேன். ஆனா உங்க வசனத்துல ஒரு வரி சேக்கணும். 'ரிஃபாயி என் குவாரியில வேலை பாத்தவன். வேகமா அறுக்கணும்னு ரம்பத்தோட மூடியைக் கழட்டச் சொன்னது நான்.' இவ்வளவு தான்.

— யாருகிட்ட சொல்லணும்?

— சோபா பக்கமாத் திரும்பி.

— டேய். பிசாத்து ஒரு கைக்கு நான் கஃபனே தூக்கிட்டு வந்திருக்கேன், உனக்கு வரி வேற வேணுமா? என் புல்டோசர்காரனுக்கு ஒரு சொல் போதும், இந்த வீட்டு மேல ஏத்திடுவான். காலையிலேர்ந்து போனை எடுக்கல கழுதை, எடுத்தா இப்பவே சொல்லுவேன். உள்ள ஆளு இருக்கா இல்லையான்னு அந்த மிஷினுக்குத் தெரியாது.

— உங்க மிஷின் எதுக்கும் அது தெரியாது ஹாஜி. ரம்பத்துக்கும் தெரியல.

— கத்தியை எடு. நான் போறேன். வந்தவங்க சோத்தைத் தின்னுட்டுப் போகட்டும்.

— எங்க போவீங்க பெரியவரே? கஃபனோட வாசல் தாண்டி உள்ள வந்தவரு மன்னிப்பு வாங்காம திரும்பினா என்ன அர்த்தம்னு பந்தல்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் எங்க ஆளுங்க உங்களை எங்க பாத்தாலும் சுடலாம். ஊரைக் கூட்டினது நீங்க. மைக்கு கட்டினது நீங்க. சோபா போட்டதும் நீங்க.

— ரிஃபாயி, கத்தியை எடுடா. தோலு கிழியுது.

— அழுத்தச் சொன்னீங்களே.

— ரத்தம் வருதுடா.

— துளி தான். எனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? வெள்ளைப் புழுதியில ரத்தம் விழுந்தா மாவு பிசைஞ்ச மாதிரி உருண்டை உருண்டையா ஆகும் ஹாஜி. நான் கீழ கிடந்து அதைத் தான் பாத்துட்டிருந்தேன். கையோட தோளும் உள்ள போயிட்டிருந்துச்சு. யாரோ ஓடி வர்ற சத்தம் கேட்டுச்சு. பளீர்னு நீலமா ஒரு வெளிச்சம். ரம்பம் நின்னுடுச்சு. கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி. அந்த வெளிச்சம் என்ன?

— எனக்கு எப்படித் தெரியும்? நான் கூடாரத்துல உக்காந்து டீ குடிச்சுட்டிருந்தேன்.

— ஓடி வந்தது யாரு?

— எவனோ ஒருத்தன்.

— இடது கை, ஹாஜி. சும்மா இருந்தாலும் நடுங்குது.

— ஐயோ, அவனா வந்து கம்பியைப் பிடிச்சா நான் என்னடா பண்றது? சுவிட்சு அந்தக் கோடியில இருக்கு. அது வரைக்கும் ஓடினா நீ மொத்தமா உள்ள போயிருப்பேன்னு, மடையன், தோலு உரிஞ்ச ஒயரை வெறுங்கையால புடுங்கினான். நானா புடுங்கச் சொன்னேன்?

— யாரு புடுங்கினது பெரியவரே?

— எவனோ... ஒரு பையன்...

— லிபியாவுல இருந்துக்கிட்டா கம்பியைப் புடுங்கினான்?

— நகாத். தங்கச்சி. நான் சொல்றதைக் கேளு. ஒரே நாள்ல ரெண்டு பேருன்னா போலீஸ் குவாரியையே மூடியிருக்கும். எத்தனை குடும்பம் பட்டினி கிடந்திருக்கும்? உங்களை மாதிரி ஏழைங்களை நினைச்சுத் தான் நான்...

— எங்களை நினைச்சு அவனைப் புதைச்சீங்க.

— அடக்கத்துக்கு முன்னால ஜனாஸா தொழுகை நானே நின்னு தொழுதேன், அல்லாஹ் மேல ஆணையா. குவாரியோட பழைய குழியில வெச்சு, மேல நல்ல கல்லாப் போட்டு மூடினேன்.

— விக்கிற கல்லா?

— ஒடைஞ்ச கல்லு தான். ஆனா பெருசு.

— அவன் துணியெல்லாம்?

— கருகிப் போச்சும்மா. அவசரத்துல வேற துணி எங்க போய்த் தேடுறது?

— எந்தக் குழின்னு எங்களுக்குத் தெரியும் ஹாஜி. உங்க வாயால வரட்டும்னு தான் கேட்டேன். காலையில பெரியவங்க வந்து, கைக்குக் கஃபன் தூக்குறதை எங்கயும் கேள்விப்பட்டதில்லையே, ஹாஜி யாரைக் கொன்னார்னு பேசிட்டிருந்தாங்க. பந்தல் போட உங்க புல்டோசர்காரன் வந்திருந்தான். அதைக் கேட்டதும் அப்படியே கீழ உக்காந்து அழுதுட்டான், அந்தக் குழியை மூடினதே அவன் தானாம். அவன் தான் இவ மாமன்மாரைக் கூட்டிட்டு மலைக்குப் போயிருக்கான்.

— வெளிய என்னடா சத்தம்? மைக்கு ஏன் நின்னுடுச்சு?

— எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. டைரக்டரும் சோபாவை விட்டு எழுந்துட்டார். அவருக்கு ஏதோ கேட்டுடுச்சு போல.

— ரிஃபாயி, நான் சொல்லிடறேன்டா. உன் வேலை, ரம்பத்து மூடி, உன் விலா எலும்பு, எல்லாத்தையும் அவரைப் பாத்தே சொல்றேன். கோர்ட்டுக்கும் வந்து சொல்றேன். கத்தியை மட்டும் எடுத்துடு.

— எடுத்துட்டேன் ஹாஜி. என் கைக்கு நான் மன்னிச்சாச்சு, அது முடிஞ்சு போச்சு. எனக்கு உயிர் குடுத்தவனுக்காக மன்னிக்கிற உரிமை எனக்கு இல்ல. இவகிட்ட கேளுங்க.

— நகாத், பாரும்மா. உன் முன்னால கஃபனை ஏந்திட்டு நிக்கிறேன். நடிப்பு இல்ல, கழுத்துல நிஜ ரத்தம். வெறுங்காலோட நிக்கிறேன், பாரும்மா.

— அந்தத் துணியை இப்படிக் குடுங்க பெரியவரே. தம்பியை வெறும் பலகையில வெச்சுத் தூக்கிட்டு வர்றாங்க, மேல போத்த ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வேற பாத்துக்கலாம்.