ராணிக்கு ஒரு சும்மாடு

மீஞ்சூர் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசை நகரவே இல்லை. பக்கத்தில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர், மீன்கூடையை இறக்கி வைத்திருந்த அம்மாளிடம் சொன்னார்:

“யக்கா, ராணிக்கு சும்மாடு வெச்சிட்டேன்.”

“இன்னா நைனா, குதிரைக்கா?”

ரயில் போனால் போகட்டும் என்று காதைக் கொடுத்தேன்.

“சேணத்துக்கு அடியில சாக்கை மேல மேல மடிச்சு வெச்சேன். எவ்ளோ வெச்சாலும் நடு எலும்புல அழுத்தி புண்ணாச்சு. சேணத்தைப் பாத்தாலே கடிக்க வந்துச்சு. வித்துடலாம்னு ஆளைக்கூட வரச் சொல்லிட்டேன்.”

“அப்பால?”

“நீ கூடை தூக்கறப்போ, துணிய வளையமா சுத்தி நடுவுல காலியா வுட்டுத்தானே தலையில வெக்கிற? அதே மாதிரி பழைய கம்பளிய சுருட்டி, எலும்புக்கு இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு வெச்சுத் தெச்சேன். பாரம் எலும்புல படல. புண்ணு ஆறிடுச்சு.”

“இப்போ ஓடுதா?”

“ஓடுதாவா? காலையில அஞ்சு பேரை ஏத்திக்கினு எங்கியும் நிக்காம வந்துச்சு.”

“வாங்க வரேன்ன ஆளு?”

“கயிறும் கையுமா இன்னிக்கு வந்தாரு. தர முடியாதுன்னுட்டேன். திரும்பிப் போக ரயிலுக்கு டயம் ஆச்சுன்னு நம்ம வண்டியிலதான் ஏறினாரு. ராணிதான் இஸ்துக்கினு வந்துச்சு.”

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பவே இல்லை. அவர் கக்கத்தில் புதுக் கயிறு ஒன்று, கடையில் சுருட்டிக் கொடுத்தபடியே இருந்தது.