அடித்தள ஜன்னலில் சிக்கியபடியே உரிமம் மறுத்த லவோன் ஹால்வர்சன் அம்மையாருக்கு

பனிக்கும் பணத்துக்கும் பணியாத பெருமாட்டியே, புகைக்குப் பகையே, பூஞ்சைக்கு எமனே, நகர வாடகை வீட்டு உரிமப் பிரிவின் மூத்த ஆய்வாளரே, வணக்கம்.

முப்பது குளிர்காலம் இவ்வூர் வாடகை வீடுகளின் படிகளில் ஏறி இறங்கினீர்கள். தாங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தினால் நான்காம் மாடியில் கரப்பான்கள் மூட்டை கட்டியதை நாங்களே கண்டிருக்கிறோம். படுக்கையறை ஜன்னலை நாங்கள் நாடாவால் அளந்தோம். தாங்கள் உடம்பால் அளந்தீர்கள். தீயில் தப்பும் வழி என்று காட்டப்பட்ட ஒவ்வொன்றிலும் தாங்களே புகுந்து வெளியே வந்த பிறகுதான் உரிமத்தில் கையெழுத்திட்டீர்கள்.

சென்ற சனவரியில் டட்லி கிராஸ் என்பாரின் வீட்டு அடித்தளத்தில், ஹோடான் என்ற தாயும் அவர் மகள்கள் இருவரும் குடியிருக்கும் அறையின் ஒரே ஜன்னலில், தலையும் தோளும் கைகளும் வெளியே பனியிலும் மீதி உள்ளேயுமாக அகப்பட்டுக்கொண்டீர்கள்.

வெளியே நின்ற கிராஸ், "அம்மா, மூச்சைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க, வழுக்கிட்டு வந்துடலாம்" என்றார்.

"தீப்பிடிச்சா இழுக்கறதுக்கு மூச்சு எங்கய்யா இருக்கும்?" என்றீர்கள்.

உள்ளேயிருந்து ஹோடான், "அக்கா, காலைத் தள்ளவா, இழுக்கவா?" என்றார்.

"ரெண்டும் வேணாம்மா. முதல்ல இவருக்கு உரிமம் இல்லன்னு எழுதிடறேன்."

ஜன்னலை அகல வெட்டாமல் அந்த அறையை வாடகைக்கு விடலாகாது என்று, பனிமேல் தாளை வைத்தே எழுதினீர்கள். தீயணைப்புக்காரர் வரும்வரை தங்கள் காலுக்கு ஹோடான் கம்பளி போர்த்தினார். தலைக்கு அண்டைவீட்டார் காப்பி கொடுத்தனர். தபால்காரர் தங்கள் தொப்பியில் கடிதம் செருகிவிட்டுப் போனதற்கும் சாட்சி உண்டு.

கிராஸ் மேல்முறையீடு செய்தார்: ஜன்னலில் குற்றமில்லையாம், ஆய்வாளரின் பருமனில்தான் குற்றமாம். நம் இயக்குநர் அதை ஏற்றார். தங்களைக் காலத்துக்கு முன்பே ஓய்வுக்கு அனுப்புகிறார். திங்களன்று அந்த உரிமத்தில் தாமே கையெழுத்திடப் போகிறார். ஹோடானின் பெண்கள் இன்றிரவும் அந்த ஜன்னலின் கீழேதான் உறங்குவார்கள். இதைச் சிரித்த முகத்தோடு வாசிக்க எங்களால் ஆகவில்லை.

ஆகவே இம்மடலுக்குப் பொன்முலாம் பூசிய சட்டம் வாங்கவில்லை. அந்த ஜன்னலை அளந்து, அதே நீள அகலத்தில் பைன் மரத்தில் இதற்கொரு சட்டம் செய்து இந்த வழியனுப்பு விழா மேடையில் நிறுத்தியிருக்கிறோம். கண்ணாடி இன்னும் போடவில்லை. முன்வரிசையில் வீற்றிருக்கும் இயக்குநர் ஐயா, கேக் வெட்டுமுன் இதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வரவேண்டும். வந்துவிட்டால் கையெழுத்துக்கு நாங்களே பேனா தருவோம். சிக்கிக்கொண்டால் திங்கட்கிழமை கழியும்வரை ஒருவரும் இழுக்கமாட்டோம். காப்பி மட்டும் கொடுப்போம்.

லவோன் அம்மா, நிறைந்த மூச்சோடும் நேரான நெஞ்சோடும் நெடுங்காலம் வாழ்க. எந்த ஜன்னலுக்காகவும் இளைத்துவிடாதீர்கள்.

ஆறாத சினத்துடனும் அன்புடனும்,
வாடகை வீட்டு உரிமப் பிரிவு ஊழியர்கள்