இரண்டாவது ஆள்

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. பேருந்திலிருந்து இறங்கியது அவள் ஒருத்திதான். அங்கிருந்து அலுவலகம் வரை நேர்ச் சாலை. இரண்டு பக்கமும் கிடங்குகள், எல்லாவற்றிலும் இழுத்துப் பூட்டிய இரும்புக் கதவுகள். ஒரு நாய்கூடக் கிடையாது. தன் காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். நடுவில் நின்றாள். நின்ற பிறகும் ஓர் அடி கேட்டது... திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வெயில்தான் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவள் என் தோழியின் பெரியம்மா மகள். நாற்பதைத் தொடப்போகிற வயசு. கல்யாணம் காட்சி என்று எதுவும் வேண்டாம் என்று விட்டவள். அம்மாவும் அவளும் மட்டுமே ஒரு வீட்டில். வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. விளையாடி விளையாடிக் குறை கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் குறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

அந்த வருஷம் கம்பெனி ஒரு பழைய கேமைப் புதுசாகச் செய்துகொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தையது. கையில் லாந்தர் பிடித்த இரண்டு குழந்தைகள் பனிக்காட்டைக் கடந்து வீடு போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் புதுசு வரப்போகிறது என்று அறிவித்த அன்றைக்கே கடிதமாக வந்து குவிந்தது. வளர்ந்து, தலை நரைத்து, பிள்ளை குட்டி பெற்றவர்கள் எழுதிய கடிதங்கள். அந்தப் பாட்டு அப்படியே இருக்குமா, அந்தப் பாலம் இருக்குமா என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் கூட விளையாடியவர் ஒருவர் இருந்தார். தம்பி, மாமன் மகன், பக்கத்து வீட்டுப் பெண்.

அவள் மேஜையில் இரண்டு திரைகள். இடது பக்கம் பழைய டப்பா டிவி. போட்டதும் 'ஙொய்ய்...' என்று மெல்லிய இரைச்சல், சூடேறிய தூசியின் வாசனை. வலது பக்கம் புதுத் திரை. அதில் பனி நிஜமாகவே விழும், மூச்சு விட்டால் புகை தெரியும், லாந்தர் வெளிச்சத்தில் மரநிழல் ஆடும். இரண்டையும் ஒப்பிட்டு, பழைய ஆட்கள் தேடுகிற எதுவும் தொலைந்துவிடாமல் பார்ப்பது அவள் பொறுப்பு.

ஒரே ஒரு விஷயத்தை வேண்டுமென்றே மாற்றியிருந்தார்கள். பழைய கேமில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திரை நகரும். ஒருத்தர் பின்தங்கினால் முன்னால் போனவர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். புதுசில் அப்படியில்லை. பின்தங்கியவர் மறைந்துபோய் முன்னால் இருப்பவர் பக்கத்தில் தோன்றுவார்.

"இந்தக் காலத்துல யாரு யாருக்காகக் காத்துக்கிட்டு நிப்பா?" என்றார் கம்பெனித் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவளுக்கு இரண்டு வயது இளைய தங்கை ஒருத்தி இருந்தாள். வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா வாங்கிக் கொடுத்த மெஷினில் இரண்டு பேரும் இதே கேமைப் பழியாகக் கிடந்து விளையாடுவார்கள். அக்காவுக்கு எப்போதும் அவசரம். பொடிசு ஒவ்வொரு மரத்தையும் நின்று வேடிக்கை பார்க்கும். "சீக்கிரம் வாடி சனியனே!" என்று அக்கா கத்துவாள். "நில்லுக்கா, வரேன்" என்று பொடிசு சொல்லும்.

அக்காவுக்குப் பதினொன்று, தங்கைக்கு ஒன்பது. டியூஷன் விட்டு வரும்போது ரயில் தண்டவாளத்தைத் தாண்டி வருவது குறுக்கு வழி. அன்றைக்கு அக்கா தாண்டிவிட்டாள். தண்டவாளத்துக்கு நடுவில் பொடிசின் செருப்பு வார் அறுந்தது. குனிந்து அதை மாட்டிக்கொண்டே, "நில்லுக்கா" என்றது.

"வந்தா வா, வராட்டி கிட" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரயில் வந்த சத்தம்தான் கேட்டது.

வீட்டில் அழுதுகொண்டே சொன்னாள்: "அவ என் பின்னாடியேதான்மா வந்தா. திரும்பிப் பார்த்தா காணோம்." அந்த ஒரு பொய்யை இருபத்தெட்டு வருஷம் சுமந்துகொண்டிருந்தாள். நின்றிருந்தால் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி... அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அலுவலகத்தில் அவளைத் தவிர ஒரு புரோகிராமர் மட்டும். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், எதற்கும் பதறாத மனுஷன். மூலையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புதுசைத் தனியாக விளையாடினாள். ஒற்றை ஆள். நாலாவது லெவல், பாலம். பாலத்தைத் தாண்டியதும் திரை நின்றுவிட்டது.

அவளுடைய குழந்தை வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே நடந்தது. எங்கேயோ குறை என்று நினைத்துக் குறிப்பெடுத்தாள். கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். குழந்தையும் நின்றது.

ஹெட்போனில் காலடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சரக்... பிறகு ஒரு இழுப்பு. சரக்... ஒரு இழுப்பு. ஒரு கால் ஒழுங்காகப் பதிகிறது, இன்னொன்று தேய்ந்துகொண்டு வருகிறது. இடது காதில் மட்டும். தூரத்தில்.

ஹெட்போனைக் கழற்றினாள். இப்போது மேஜையிலிருந்து சத்தம். உர்ர்... உர்ர்... இழுப்பறையைத் திறந்தாள். ஒரு மாதமாக யாரும் தொடாத இரண்டாவது கன்ட்ரோலர், ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை அதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டாள். சூடாக இருந்தது... யாரோ இத்தனை நேரம் கையில் பிடித்திருந்த மாதிரி.

"கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

புரோகிராமர் வந்து உட்கார்ந்து விளையாடிப் பார்த்தார். திரை வழுக்கிக்கொண்டு போனது. "நல்லாத்தானே போகுது? சாப்பிட்டீங்களா நீங்க?" என்றவர், எதற்கும் பார்ப்போம் என்று கேம் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் பதிவைத் திறந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஒரே வரி, நூற்றுக்கணக்கான தடவை:

இரண்டாவது ஆள் பின்தங்கியிருக்கிறார். காத்திருக்கவும்.

"இதைத் தூக்கி ஆறு மாசம் ஆச்சுங்க. இந்த வரியே இப்போ உள்ள கிடையாது" என்றார். முகம் வெளுத்திருந்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாம். கிளம்புங்க." சொன்னவர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

அவளும் பையை எடுத்தாள். வாசல் வரை போனாள். பின்னால் இழுப்பறையில்... உர்ர். உர்ர்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை எடுத்தாள். இந்த முறை இடது பக்கம் நடந்தாள். வந்த வழியே. பாலம், பைன் மரங்கள், உறைந்த ஏரி, முதல் லெவல், கேம் தொடங்குகிற வேலி. அந்த வேலிக்கு அப்பால் எதுவும் கிடையாது. யாரும் எதுவும் வரையவில்லை. ஆனால் அவளுடைய குழந்தை வேலியைத் தாண்டி நடந்தது.

இருட்டு. லாந்தர் வெளிச்சம் ஒரு வட்டம் மட்டும். காலடியில் பனிச் சத்தம் மாறி ஜல்லிக்கல் சத்தம் வந்தது. அலுவலகம் முழுக்க வெயிலில் காய்ந்த இரும்பும் கிரீஸும் கலந்த வாடை.

வட்டத்தின் ஓரத்தில் ஒரு குழந்தை. முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்து, காலில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "வாடி... நான் எங்கேயும் போகல" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. ஜன்னலில் வெயில் சாய்ந்துவிட்டது. கால் மரத்துவிட்டது. அவள் நகரவில்லை.

குழந்தை எழுந்தது. முதுகைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து, முகத்தைக் காட்டாமலே, அவள் பக்கத்தில் வந்து நின்றது.

அப்புறம் திரை எங்கேயும் தடுக்கவில்லை. இரண்டு லாந்தர்களும் பக்கத்தில் பக்கத்தில். ஒவ்வொரு மரத்தடியிலும் அது நின்றது, அவளும் நின்றாள். பாலம் தாண்டி, கடைசி லெவலில் வீடு. வாசலில் வெளிச்சம். உள்ளே நுழைவதற்கு முன் சின்னது முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தாள். மணி ஐந்தேகால். இழுப்பறையில் சத்தமில்லை.

பேருந்து முழுக்க அழுதுகொண்டே வந்தாள். வருத்தம் இல்லை அது. மார்பில் கிடந்த ஒரு கல் உருண்டு போன அழுகை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அம்மா என்ன வேண்டுமானாலும் திட்டட்டும், அடிக்கட்டும்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... அன்னைக்கு அவ நிக்கச் சொன்னாம்மா. நான் நிக்கல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அம்மாவின் கை நிற்கவில்லை. ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தார்.

"தெரியும்டி. அவதான் சொன்னாளே."

"...எப்போம்மா?"

"அப்பப்போ வருவா இல்ல? வாசல்ல நின்னுட்டுப் போயிடுவா. எத்தனை கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டா. அக்கா கூட்டிட்டு வந்தாத்தான் வருவேன்னு ஒரே பிடிவாதம்." அம்மா அடுத்த துணியை எடுத்து உதறினார். வருஷக்கணக்கில் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. "இன்னைக்குத்தான் வந்தா. ஒரு அஞ்சு, அஞ்சேகால் இருக்கும்."

"எங்க...?"

அம்மா தாடையால் அவளுடைய அறையைக் காட்டினார்.

எழுந்து போனாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

"தட்டாதே" என்றார் அம்மா, துணியிலிருந்து தலையைத் தூக்காமல். "அவளே திறப்பா."