அடிபடப் போறவ

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சத்தமாகவே சொன்னாள்.

"எனக்கு இனிமேத்தான் அடிபடப் போகுதாம்க்கா. அதனால வேலை இல்லையாம்."

"யாருடி சொன்னது?"

"வேலை கேட்டுப் போன மில்லு ஆபீஸ்ல. கம்ப்யூட்டர்ல கேள்வி கேட்டு, யாருக்கு அடிபடும்னு முன்கூட்டியே பாக்குறாங்களாம். ஒம்பது வருசமா மில்லுல நிக்கிறேன், ஒரு கீறல் கிடையாது!"

"அப்புறம் என்னவாம்?"

"முன்னாடி வேலை பாத்த எடத்துல விபத்து பாத்திருக்கியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். பக்கத்து மெஷின்ல ஒரு பிள்ளைக்குக் கை மாட்டுச்சு, நாந்தான் ஓடிப்போயி சுவிட்ச அமத்துனேன். அதைச் சொன்னதுக்குத்தான் என்னைய வேணாம்னுட்டாங்க."

"இல்லைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"எதுக்குப் பொய் சொல்லணும்? உங்க மெஷினுக்கெல்லாம் கை மாட்டாம மூடி போட்டிருக்கீங்களான்னு திருப்பிக் கேட்டேன். அது கேள்வியில இல்லைம்மான்னு கம்ப்யூட்டர்ல இருந்தவன் அனுப்பிட்டான்."

தாடிக்கொம்பு வந்தது. இறங்குவதற்கு எழுந்தபோது அந்த அக்கா சொன்னார்:

"நாளைக்கு என்னையும் அங்கதான் வரச் சொல்லியிருக்காங்க. மொத வேலையா நானும் அந்த மூடியப் பத்தியே கேக்குறேன். எத்தனை பேரைத்தான் அனுப்புவான், பாப்போம்."