அசல் அழுகை

நீங்கள் வாங்கித் தந்த டீ பால்பவுடர் டீ. குறையாகச் சொல்லவில்லை ஐயா, எனக்குத் தொண்டைக்குக் கீழே இறங்காது. போலி எதுவானாலும் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சின்னமனூரில் நானும் பாண்டீஸ்வரனும் கூட்டாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறோம். சாமி பாட்டு, கட்சிப் பாட்டு, எழவு வீடுகளில் மைக்செட்காரர்கள் போடுகிற ஒப்பாரி கேசட், எல்லாம் எடுப்போம். குரலையும் மேளத்தையும் தனித்தனியே டேப்பில் பிடித்து, மிக்சரில் நான் கையால் ஏற்றி இறக்கிக் கலப்பேன். இரண்டாயிரத்து நாலில் பாண்டி மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். அது குரலைப் படமாகக் காட்டியது. பாடுகிறவர்களின் மூச்சை வெட்டினான், மூக்குறிஞ்சலை வெட்டினான். சுத்தம் என்று அதற்குப் பெயர் வைத்தான். அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பிடிக்காது.

மார்க்கையன்கோட்டை முத்துப்பேச்சியை ஒப்பாரி பாட வரச் சொல்லியிருந்தோம். அந்தப் பக்கம் சாவு விழுந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் கர்ணன் டிவிஎஸ் வண்டியில் கூட்டிவந்து, அவள் பாடி முடிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பான். எனக்கென்று ஒரு பை திராட்சை கொண்டுவருவான். நல்ல மனுஷன். அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கூடத்துக்குள் அவளுக்கு அழுகை வரவில்லை. ராகம் இருந்தது, உயிர் இல்லை.

"செவுத்தப் பாத்து எப்பிடிண்ணே அழுகுறது? பொணம் கெடந்தா அது தன்னால வரும்" என்றாள்.

பாண்டி கவலைப்படவில்லை. எப்படியோ ஒரே ஒரு தடவை அவள் விம்மியிருந்தாள். அந்த ஒன்றைப் பிரதி எடுத்துப் பாட்டு நெடுக ஒட்டினான். மேலே கொஞ்சம் எதிரொலி தூவினான். ஒருத்தி மென்று துப்பிய வெற்றிலையைத் திரும்பத் திரும்ப அவள் வாயிலேயே திணிப்பதுபோல் இருந்தது. கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எடுத்தேன்.

"எழவு வீட்டுல ஆருண்ணே உத்துக் கேக்கப் போறாக? இதையே அனுப்பிருவோம். அந்த டேப் மிசினையும் தள்ளிவிட்ருவோம், எடத்த அடைக்குது" என்றான்.

ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டேன். டேப்பில் எடுத்துக் காட்டுகிறேன், தோற்றால் மிசினை விற்றுக்கொள் என்றேன். சரி என்றான்.

மறுநாள் முத்துப்பேச்சியைக் கூடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, ஆற்றுப் பக்கம் ஒரு வேலையாகப் போய் வந்தேன். வந்ததும் மைக் வைத்து டேப்பை ஓடவிட்டேன். முதல் வரியைப் பாடச் சொல்லி லெவல் பார்த்தேன். பிறகு உள்ளே போய், கர்ணன் ஆற்றோடு போய்விட்டான் என்று சொன்னேன்.

"எங்கண்ணே கெடக்காக?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் அழுகை வந்தது. லெவல் மீட்டரின் ஊசி சிவப்பில் போய் முட்டியது. மிக்சரில் ஒரு நூல் இறக்கினேன். அவள் தரையில் விழுந்ததும் குரல் விலகியது. போய் மைக்கை அவள் வாயருகே தாழ்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பாண்டி டேப்பைக் கேட்டான். அவனுக்கும் கண் கலங்கியது. ஆனால் முன்னால் நான் சேதி சொல்வதும் அதில் இருந்தது. அதை வெட்டியிருக்கலாம். வெட்டினால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"சேதியத் தெரிஞ்சு வச்சுக்கிட்டாண்ணே லெவல் பாத்த?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். டேப்பைக் கழற்றிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டான்.

அழுகைதான் வேண்டுமென்றால் செத்துவிட்டான் என்று சும்மா சொல்லியிருக்கலாமே, பிறகு சமாதானப்படுத்தியிருக்கலாமே என்கிறார் இந்த ஏட்டையா. கேட்கவே அருவருப்பாக இருக்கிறது. தாலி கட்டிக்கொண்ட ஒருத்தியிடம் புருஷன் செத்தான் என்று பொய் சொல்வதா? நான் அவ்வளவு கேவலமானவன் இல்லை ஐயா. அதனால்தான் முதலில் கர்ணனை ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். நீச்சல் தெரியாது என்று அவனே ஒருமுறை சொல்லியிருந்தான். மதகுப் பக்கம் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். தலை மறுபடி மேலே வரவில்லை என்று உறுதியான பிறகுதான் திரும்பினேன். அவளிடம் நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.