பூப்பல்லக்கில் மேயர்

— மேகலா, இதுல யாரும்மா செத்தது?

— அதோ, பூ வண்டில உக்காந்துனு போறாரே, அவருதான் சார்.

— அவரு மேயர்மா! அமெரிக்காவுல ஒரு ஊருக்கு மேயர். நூறு வருஷத்துக்கு முந்தி எடுத்த நியூஸ்ரீல் இது. பட்டாளம் சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்புது, அதுக்கு வரவேற்பு. நீ என்னடான்னா ‘சாவு ஊர்வலம்’னு டேக் போட்டு வெச்சிருக்க.

— முன்னால பேண்டு செட்டு. வண்டி பூரா பூ. நடுவுல நாற்காலில நிமித்தி உக்கார வெச்சிருக்காங்க. மாடிலேர்ந்து பொரி எறைக்கிறாங்க. ஆம்பளைங்க பின்னாலயே நடக்கறாங்க, பொம்பளைங்க தெருமுனையோட நின்னுட்டாங்க. வேற இன்னா சார் போடறது?

— அது பொரி இல்ல, காகிதம்! மேயர் கைய ஆட்டறாரு பாரு. உயிரோடதான இருக்காரு?

— வண்டி குலுங்குனா கை ஆடும் சார். எங்க அப்பாவுக்கும் ஆடுச்சு.

— சரி சரி. தண்ணி குடி.

— தாகமில்ல சார்.

— நான் உன்னத் திட்டல. ஆனா நம்ம ஆம்பூர் ஆபீஸுக்குன்னு ஒரு பேரு இருக்கு. ஷூ கம்பெனில தெச்சுனு இருந்த உன்னக் கூட்டியாந்து, ஏசி ரூம்ல உக்கார வெச்சு, உலக ஹிஸ்டரியவே உன் கைல குடுத்திருக்கோம். நாம போடற டேக்க வெச்சுதான் ஹெட் ஆபீஸ் மெஷின் கத்துக்குது. எது சாவு, எது கல்யாணம்னு நாளைக்கு உலகமே அந்த மெஷினத்தான் கேக்கும். ஒரு பொறுப்பு வேணாமா?

— ஏசி ஓடல சார்.

— அது வேற டிபார்ட்மெண்ட். இந்த கிளிப்பப் பாரு. பெட்டி மேல கொடி போத்தி, குதிரை இழுத்துனு வருது. ராணுவ மரியாதைம்மா! பாத்தாலே கண்ணு கலங்குது. இதுக்குப் போயி ‘ஆபீஸ் திறப்பு விழா’ன்னு போட்டிருக்க.

— யாருமே அழல சார். எல்லாரும் இஸ்திரி போட்ட உடுப்பு. ஒரு பெரிய மனுஷன் பேப்பரப் பாத்து ரொம்ப நேரம் படிச்சாரு. நடுவுல வாட்ச்சப் பாத்தாரு.

— வானத்துல துப்பாக்கி சுட்டாங்களே?

— ரிப்பன் வெட்டறதுக்கு பதிலா சுடறாங்கன்னு நெனச்சேன்.

— பேஜார் பண்ணாத. அழுதாதான் சாவா? நீ கூடதான் அழல. அப்பாவ எடுத்த மறுநாளே நீ வந்து உக்காந்துட்டன்னு ஆபீஸே பேசுச்சு.

— லீவு இல்லன்னீங்க. வந்துட்டேன்.

— நான் சொல்லல, ஹெட் ஆபீஸ். ப்ரூஃப் கேட்டாங்க.

— சர்டிபிகேட் இன்னும் வர்ல சார். அதான் அப்பாவ எடுத்துனு போன வீடியோவ அனுப்புனேன். நாளைக்கு காரியம். அன்னிக்கு நானும் தெருமுனையோட நின்னுட்டேன். நாளைக்காவது கூட இருக்கணும். லீவு இன்னா சார் ஆச்சு?

— மொதல்ல இதெல்லாம் மாத்து, அடுத்த நிமிஷம் பாக்கறேன். பேண்டு, பூ, நாற்காலில ஆளு. மூணும் இருந்தா கண்ண மூடினு ‘கொண்டாட்டம்’. யோசிக்கவே கூடாது. இந்த கார்முகிலன் எழுதுன ரூலும்மா இது! ஹெட் ஆபீஸே ஷீல்டு குடுத்துச்சு, தெரியுமில்ல?

— தெரியும் சார். அது மேலதான டீ கிளாஸ் வெப்பீங்க.

— மாத்துனியா இல்லியா?

— கொண்டாட்டம். இதுவும் கொண்டாட்டம். இது… இதுவும் கொண்டாட்டம். ஆச்சு சார்.

— குட். இப்ப உன் லீவு. இரு, பதில் வந்திருக்கு. ‘விடுப்பு மறுக்கப்படுகிறது. இணைத்த வீடியோ: கொண்டாட்டம். கொண்டாட்டங்களுக்கு விடுப்பு இல்லை.’ அடப்பாவி! எவன் பாத்தான் இத? பொணம் கூடவா தெரியாது?

— ஆளு பாக்கல சார். கீழ போட்டிருக்கு பாருங்க. மெஷின் பாத்துச்சாம்.

— எந்த மெஷினு?

— நம்ம மெஷினுதான் சார். நல்லாவே கத்துனு இருக்கு.